குட்டி ஆக்சலாட்டல் சாப்பிடவில்லையா? தீனிக்குக் காசு போடும் முன் பார்க்க வேண்டியவை

சென்னையில் ஆக்சலாட்டல் வளர்க்கிறேன்; வாழ்நாள் முழுக்கத் தண்ணீருக்குள்ளேயே இருக்கும் ஒரு சாலமாண்டர் வகை இது. ஆசைப்பட்டு வாங்கி வந்த குட்டி வாயைத் திறக்க மாட்டேன் என்கிறது என்று தெரிந்தவர்கள் யாராவது அடிக்கடி போன் செய்கிறார்கள். கூப்பிடுவதற்குள் மூன்று நான்கு வகைத் தீனி வாங்கிப் போட்டுப் பார்த்திருப்பார்கள், ஆனால் தண்ணீர் எத்தனை டிகிரி என்று கேட்டால் தெரியாது. தீனிக்குப் போன அந்தப் பணத்தில் ஒரு தெர்மாமீட்டரும், கழிவால் தண்ணீரில் சேரும் அமோனியாவைப் பார்க்கும் சின்ன கிட்டும் வந்திருக்கும், பல குட்டிகள் பிழைத்தும் இருக்கும். இந்த வருத்தத்தில்தான் எழுதுகிறேன்.

உங்கள் குட்டியிடம் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு ஆகாத காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன், செலவு வைப்பது கடைசியில்.

அதற்கு முன் இரண்டு அளவு எடுத்து வையுங்கள். ஒன்று, தண்ணீரின் வெப்பநிலை. காலையில் ஒரு முறை, மதியம் மூன்று மணிக்கு ஒரு முறை. இன்னொன்று, மூக்கிலிருந்து வால் நுனி வரை குட்டியின் நீளம். வெளியே எடுத்து அளக்க வேண்டாம், கண்ணாடிக்கு வெளியே ஸ்கேலை வைத்துப் பார்த்தால் போதும். கீழே சொல்வதெல்லாம் இந்த இரண்டு எண்ணையும் வைத்துத்தான்.

## தீனியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை

வீட்டுக்கு வந்து இரண்டு மூன்று நாள்தான் ஆகிறது என்றால்

பயந்து போயிருக்கிறது, அவ்வளவுதான். முதல் நாள் தீனியே போடாதீர்கள். தொட்டி விளக்கை அணைத்து, மூன்று பக்கம் செய்தித்தாள் ஒட்டி, உள்ளே நுழைந்துகொள்ள ஒரு பிவிசி குழாய்த் துண்டைப் போடுங்கள். ஆக்சலாட்டலுக்குக் கண்ணிமை கிடையாது, ஒளிய இடம் இல்லையென்றால் வெளிச்சத்திலிருந்து அதற்குத் தப்பிக்கவே வழியில்லை. மறுநாள் இருட்டிய பிறகு தீனியை இடுக்கியில் பிடித்து மூக்குக்கு முன்னால் மெல்ல ஆட்டிக் காட்டுங்கள். அதற்குப் பார்வை மங்கல். வாசனையும் தண்ணீரின் அசைவும்தான் தீனி எங்கே என்று சொல்கின்றன. இடுக்கி பிளாஸ்டிக்கில் இருக்கட்டும். இரும்பு முனையைக் கவ்வினால் வாய் கிழியும்.

தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டுகிறது என்றால்

என்னிடம் வரும் போன்களில் பெரும்பாலானவை இங்கேயே முடிந்துவிடும். இந்த விலங்கின் சொந்த ஊர் மெக்சிகோ நகரத்தின் தெற்கே இருக்கும் சோச்சிமில்கோ. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர், அதாவது நம் ஊட்டி இருக்கிற உயரம். ஊட்டித் தண்ணீருக்குப் பிறந்த உயிரைச் சென்னையின் வளர்ப்பு மீன் சந்தையான கொளத்தூரில் வாங்கி அம்பத்தூரில் வைத்திருக்கிறோம் என்பதை மறக்கவே கூடாது. 16 முதல் 18 டிகிரி அதற்கு இதம். 20 வரை தாங்கும். 24ஐத் தொட்டால் பசி போய்விடும், தலையின் இருபுறமும் வெளியே நீட்டியிருக்கும் செவுள் சுருங்கும், பூஞ்சை பிடிக்கும். அந்த நிலையில் நீங்கள் அமிர்தத்தையே போட்டாலும் சாப்பிடாது.

காசு ஆகாத வழி முதலில். தொட்டியை ஜன்னலிலிருந்தும் ஃபிரிட்ஜின் பின்பக்கச் சூட்டிலிருந்தும் தள்ளி, தரையோடு வையுங்கள். விளக்கை நிரந்தரமாக அணைத்துவிடுங்கள். மேல்மூடியை எடுத்துவிட்டு வலை போட்டு, சின்ன டேபிள் ஃபேனைத் தண்ணீர்ப் பரப்பின் மேல் படும்படி திருப்பி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். கடற்கரை ஊர்களில் காற்றிலேயே ஈரம் அதிகம் என்பதால் அதைவிடக் குறைவாகத்தான் இறங்கும், கோவை மாதிரி ஊரில் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும்.

அடுத்தது, ஏறக்குறைய இலவசம். மீன் மார்க்கெட்டில் தூக்கிப் போடும் தெர்மாகோல் பெட்டி ஒன்றை வாங்கிக் கழுவி, குட்டியை 5 லிட்டர் பிளாஸ்டிக் டப்பில் விட்டு, அந்த டப்பைப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் நான்கை ஃப்ரீசரில் போட்டு, இரண்டு ஃப்ரீசரில் இரண்டு பெட்டியில் என்று மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பாட்டிலை டப்புக்கு வெளியே, பெட்டிக்குள் வையுங்கள்; தண்ணீருக்குள்ளேயே போட்டால் சடாரென்று குளிர்ந்து, உருகியதும் சடாரென்று ஏறி, அந்த ஏற்ற இறக்கமே குட்டியை வாட்டும். மணிக்கு ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் இறக்காதீர்கள்.

இப்போது மனதுக்குக் கஷ்டமான ஒன்றையும் சொல்ல வேண்டும். சித்திரை வைகாசியில் சென்னை வீட்டுக்குள் 33, 34 டிகிரி இருக்கும். ஐஸ் பாட்டிலை நம்பி நாலு மாதம் ஓட்ட முடியாது, நீங்கள் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். பகலும் இரவும் ஏசி ஓடும் அறையோ, சில்லரோ (தொட்டித் தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) இல்லையென்றால் அதற்கு வசதி இருக்கும் ஒருவரிடம் குட்டியைக் கொடுத்துவிடுவதுதான் அதன் மேல் நாம் வைக்கும் அன்பு. சில்லர் பல ஆயிரம் ரூபாய். தீனிச் செலவு அதற்குப் பக்கத்தில்கூட வராது. சிக்கனம் என்று நான் சொல்வதெல்லாம் தீனியில் மட்டும்தான்.

வெப்பம் சரி, ஆனால் செவுள் முன்பக்கமாக வளைந்திருக்கிறது, வால் நுனி கொக்கி போல் மடங்கியிருக்கிறது என்றால்

ஃபில்டரின் ஓட்டம் பலமாக இருக்கிறது. ஏரியில் நின்ற தண்ணீரில் வாழ்ந்தது இது. பவர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, ஏர் பம்ப்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டரைப் போடுங்கள். அதுதான் விலையும் குறைவு. புதிதாக வாங்கும் வரை ஃபில்டர் வாயைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாலே பாதி சரியாகும்.

ஓட்டமும் சரி என்றால் தண்ணீரைச் சோதியுங்கள்

அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம், நைட்ரேட் 20 பிபிஎம்முக்குள் இருக்க வேண்டும். அமோனியா பார்க்கும் கிட் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, தீனி வாங்கும் முன் அதை வாங்குங்கள். வாங்கிய அன்றே தொட்டியை நிரப்பிக் குட்டியை விட்டிருந்தால் அமோனியா நிச்சயம் இருக்கும், ஏனென்றால் கழிவை உடைக்கும் பாக்டீரியா ஃபில்டரில் வளர ஆறு வாரம்கூட ஆகலாம். போர் தண்ணீரின் உப்பைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், கடின நீர் ஆக்சலாட்டலுக்கு ஒத்துக்கொள்ளும். ஆனால் காரத்தன்மை கூடிய தண்ணீரில், அதுவும் சூடாக இருக்கும்போது, கொஞ்சம் அமோனியாவே பெரிய விஷம்.

அமோனியா வந்தால் கலக்கிக் குழப்ப வேண்டாம். குட்டியை டப்புக்கு மாற்றி, நாள்தோறும் முழுத் தண்ணீரையும் மாற்றுங்கள். முந்தின நாளே ஒரு வாளியில் பிடித்து, ஆன்டி குளோரின் சொட்டு விட்டு, டப்பின் வெப்பநிலைக்கே கொண்டுவந்து வைத்திருக்க வேண்டும். உண்மையில் 10 சென்டிமீட்டர் வரைக்கும் டப்பில் வளர்ப்பதுதான் மலிவும் நிம்மதியும். தீனியும் கண்ணெதிரே கிடைக்கும், எவ்வளவு தின்றது என்றும் தெரியும்.

தண்ணீரும் சுத்தம், குட்டி 5 சென்டிமீட்டருக்குள் என்றால்

அதற்கு அசையும் தீனிதான் தீனி. அசையாத பெல்லட்டை (உருண்டைத் தீனி) பக்கத்திலேயே வைத்தாலும் பட்டினி கிடக்கும். இந்த வயதுக்கு ஆர்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றிறாலின் குஞ்சைப் போல மலிவானது இல்லை, முட்டை ஒரு சின்ன டப்பா வாங்கி ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு குட்டிக்கு வாரக்கணக்கில் வரும். ஒரு லிட்டர் தண்ணீருக்குக் கல் உப்பு 25 கிராம், முட்டை அரை டீஸ்பூன். அடி வெட்டிய பாட்டிலைக் கவிழ்த்து நிறுத்தி, ஏர் பம்ப்பை விட்டு, வெளிச்சத்தில் வைத்தால் 24 முதல் 36 மணி நேரத்தில் பொரிந்துவிடும். குட்டிக்கு ஆகாத நம் ஊர்ச் சூடு இதற்கு மட்டும் அப்படியே பொருந்தும். காற்றை நிறுத்தினால் ஓடு மேலே மிதக்கும், ஆரஞ்சு நிறத்தில் குஞ்சு கீழே கூடும். அதை மட்டும் உறிஞ்சி, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசி, ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து விடுங்கள். பொரித்த சில மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் சத்து.

கொசுப்புழுவை விரும்பித் தின்னும், இலவசம்தானே என்று பலர் வாளியில் வளர்க்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். டெங்குக் கொசு முட்டையிடுவதே அப்படித் தேங்கிய நல்ல தண்ணீரில்தான், பக்கத்து வீட்டுக் குழந்தையை நினைத்துப் பாருங்கள்.

எப்போது மருத்துவரிடம்: மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்தும் 8 சென்டிமீட்டருக்குக் குறைந்த குட்டி மூன்று நாள் சாப்பிடவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். 15 சென்டிமீட்டரைத் தாண்டியது ஒரு வாரம் தாங்கும், ஆனால் வயிறு ஒட்டிப்போனால் அதற்கும் முன்பே.

## வாயில் வாங்கித் துப்புகிறது

நல்ல அறிகுறி இது. பசி இருக்கிறது, கொடுத்த பொருள்தான் சரியில்லை.

துண்டு பெரிதா? இரண்டு கண்ணுக்கும் நடுவே இருக்கும் அகலத்தைவிடத் தீனி தடிமனாக இருக்கக் கூடாது. இந்த விலங்கு மெல்லாது, தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சி அப்படியே விழுங்கும். மண்புழுவைக் கத்தரியால் நறுக்கினால் துண்டும் சற்று நேரம் நெளியும், அதனால் அசைகிற தீனி கேட்கும் குட்டிக்கும் அது சரிப்படும்.

சிவப்பு மண்புழுவா? மண்புழு உரக் கிடங்கில் கிடைக்கும் கோடு கோடான சிவப்புப் புழு, சீண்டினால் மஞ்சளாக ஒரு நீர் விடும். அந்தக் கசப்புக்குத்தான் துப்புகிறது. கொதித்து இறக்கிய நீரில் சில நொடி போட்டு எடுத்து, குளிர்ந்த நீரில் அலசி நறுக்கிக் கொடுங்கள், பல குட்டிகள் ஏற்றுக்கொள்ளும். அதைவிட நல்லது, கிடங்குக்காரரிடம் ஆப்பிரிக்கப் புழு இருக்கிறதா என்று கேளுங்கள். பழுப்பும் ஊதாவும் கலந்து மினுமினுக்கும், சிவப்பை விடத் தடிமன், அந்தக் கசப்பும் இல்லை.

பெல்லட்டா? கல் மாதிரி இருந்தால் ஒரு நிமிடம் ஊறவைத்துக் கொடுங்கள். மிதக்கும் கோல்டுஃபிஷ் தீனி இதற்கு ஆகாது, அது தாவரச் சத்து கலந்தது, மேலே மிதப்பதைத் தேடிப் போய்க் காற்றையும் விழுங்கும். புரதம் 40 சதவீதத்துக்குக் குறையாமல், மூழ்கும் வகையாக இருக்க வேண்டும். கடையில் கட்டிப் போட்டு விற்கும் உதிரித் தீனியில் எண்ணெய்ச் சிக்கு வாடை வந்தால் வாங்காதீர்கள்.

தீனியே இல்லாதபோதும் வாயை ஆவென்று திறந்து திறந்து மூடினால் தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கலாம். நீங்கள் இடுக்கியை உள்ளே விடாதீர்கள், மருத்துவர் வேலை அது.

## நன்றாகச் சாப்பிடுகிறது, ஆனால் தேறவில்லை

மேலிருந்து பாருங்கள். வயிற்றின் அகலம் தலையின் அகலத்துக்குச் சமமாக இருந்தால் சரியான அளவு போடுகிறீர்கள். வயிறு தலையைவிட ஒடுங்கியிருந்தால் போதவில்லை.

முதலில் தீனி வேளையைப் பாருங்கள். 8 சென்டிமீட்டர் வரை தினம் இரண்டு வேளை, 15 வரை தினம் ஒரு வேளை, அதற்கு மேல் ஒருநாள் விட்டு ஒருநாள். ஐந்து நிமிடத்தில் தின்கிற அளவு. காசை மிச்சப்படுத்த வேளையைக் குறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், வளரும் வயதில் அதை மட்டும் செய்யாதீர்கள், தீனியின் வகையை மாற்றி மிச்சப்படுத்துங்கள்.

அப்புறம், பிளட்வோர்ம் (கொசு போன்ற ஒரு பூச்சியின் சிவப்புப் புழு) மட்டுமே கொடுக்கிறீர்களா? உறைய வைத்த பிளட்வோர்ம் குட்டிக்குப் பிடிக்கும், 5 முதல் 8 சென்டிமீட்டர் பருவத்துக்கு நல்ல துணை, ஆனால் அதில் பெரும்பகுதி தண்ணீர். அதையே மாதக்கணக்கில் போட்டால் உங்கள் பணமும் கரையும், குட்டியும் நீளுமே ஒழியப் பருக்காது. 7, 8 சென்டிமீட்டர் வந்ததும் மண்புழுவுக்கு மாற்றிவிடுங்கள். புரதமும் கால்சியமும் சேர்ந்தே கிடைக்கும், வளர்ந்த பிறகும் அதுவே முழு உணவு. மாற மறுத்தால் புழுத் துண்டைப் பிளட்வோர்ம் உருகிய நீரில் புரட்டிக் காட்டுங்கள், அந்த வாசனைக்கு வரும்.

மலிவு என்று நினைத்துச் செய்யும் சில காரியங்கள் பிறகு பெரிய செலவில் விடுகின்றன. சாக்கடையில் எடுத்த உயிர் டியூபிஃபெக்ஸ் என்ற மெல்லிய சிவப்புப் புழு அப்படி ஒன்று, நோயும் ஒட்டுண்ணியும் அதோடு வரும். தீனி மீன் என்று கப்பி விடுவதும் அப்படித்தான். ஒட்டுண்ணி ஒருபக்கம், இரவில் குட்டியின் செவுளைக் கொத்துவது மறுபக்கம். கோழி, மாட்டிறைச்சித் துண்டின் கொழுப்பு இதற்குச் செரிக்காது.

தீனி வேளை சரி, மண்புழு கொடுக்கிறீர்கள், தண்ணீர் குளிர்ச்சி, இரண்டு மூன்று வாரமாகியும் வயிறு ஒட்டியே இருக்கிறது என்றால் குடலில் ஒட்டுண்ணி இருக்கலாம். கழிவை மருத்துவரிடம் காட்டிச் சோதிக்க வேண்டும். மீன் கடையில் பூச்சி மருந்து வாங்கி நீங்களே அளவு போடாதீர்கள், இதன் தோல் மருந்தை நேராக உறிஞ்சிவிடும்.

## மேலே மிதக்கிறது, வயிறு உப்பியிருக்கிறது

நினைத்தால் கீழே போய்விடுகிறதா? காற்றை விழுங்கியிருக்கிறது, தானே ஏப்பம் விட்டுச் சரியாகும். தீனியை அடியில் காட்டிக் கொடுங்கள்.

இறங்க முயன்று முடியாமல் வால் மேலே தூக்குகிறதா? மலச்சிக்கலாக இருக்கும். இரண்டு நாள் தீனியை நிறுத்தி, டப்பில் முதுகு மூழ்கும் அளவு மட்டும் தண்ணீர் வைத்து, 16 டிகிரிப் பக்கம் மெல்லக் கொண்டுவாருங்கள். கழிவு வெளியேறியதும் சின்னத் துண்டாகத் தொடங்கலாம்.

தொட்டியில் கூழாங்கல் போட்டிருக்கிறீர்களா? இன்றே எல்லாவற்றையும் எடுங்கள். தொட்டியோடு சேர்த்து விற்கும் அந்தக் கலர் கல், உறிஞ்சி விழுங்கும் விலங்குக்கு எமன். குட்டிக்கு வெறும் அடித்தளம்தான் பாதுகாப்பு. ஒன்றிரண்டு கல் தானாகவே வெளியே வந்துவிடுவதும் உண்டு. வயிற்றை அமுக்காதீர்கள், விளக்கெண்ணெய் கொடுக்காதீர்கள். ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லி நிறையப் பேர் சொல்வார்கள், சின்னக் குட்டியை மருத்துவர் சொல்லாமல் வைக்க வேண்டாம்.

மூன்று நாளில் இறங்கவில்லை, மல்லாந்து மிதக்கிறது, தோலில் சிவப்புத் திட்டு, வயிறு மட்டுமின்றிக் கால், கழுத்து எல்லாம் உப்புகிறது: இதில் எது தெரிந்தாலும் உடனே கிளம்புங்கள்.

## தீனி போட்ட பிறகு தண்ணீர் கலங்கி நாறுகிறது

மிஞ்சிய தீனியை 15 நிமிடத்தில் சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை இல்லை. உறைந்த பிளட்வோர்ம் கட்டியை அப்படியே தொட்டியில் போடாமல் டீ வடிகட்டியில் வைத்து உருக்கி, சிவப்பு நீரை வெளியே கொட்டிவிட்டுப் புழுவை மட்டும் கொடுங்கள். ஒரு வேளைக்கு முழுக் கட்டி தேவைப்படாது, பிளேடால் நான்காக வெட்டிக்கொண்டால் பாக்கெட்டும் நாலு மடங்கு நாள் வரும். இதையெல்லாம் செய்தும் நாறினால் ஃபில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவினீர்களா என்று யோசியுங்கள். குளோரின் பட்டு பாக்டீரியா செத்திருக்கும். தொட்டியில் எடுத்த தண்ணீரிலேயே பிழிய வேண்டும்.

## காலைக் காணோம், செவுளில் பாதி இல்லை

இரண்டு மூன்று குட்டியை ஒன்றாக வைத்திருந்தால் பசியில் ஒன்றை ஒன்று கடித்துவிட்டது. பகைமை இல்லை, அசைவதெல்லாம் தீனி என்று நினைக்கும் வயது அது. அன்றே தனித்தனி டப். கால் சில வாரத்தில் திரும்ப முளைக்கும், அதுவரை தண்ணீர் மிகச் சுத்தமாகவும் குளிர்ச்சியாகவும் இருக்கட்டும், தீனி வேளை தவறக் கூடாது. காயத்தில் வெள்ளைப் பஞ்சு போல் கட்டினால் பூஞ்சை. தெருவோர பாதாம் மரத்தின் காய்ந்து உதிர்ந்த இலையை நன்றாகக் கழுவி டப்பில் ஒன்று போட்டு வைத்தால் கொஞ்சம் உதவும். பஞ்சு பெரிதாகிக்கொண்டே போனால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

தனியாக இருக்கும் குட்டிக்கே செவுள் இழை கொட்டுகிறதென்றால் வெப்பம், அமோனியா இரண்டையும் மறுபடி அளந்து பாருங்கள்.

## புழுத் தொட்டியில் புழு சாகிறது, ஓடுகிறது

சிக்கனமாக வளர்க்க இதுதான் ஆதாரம் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். உரக் கிடங்குக்காரர்களிடமும் வேளாண் அறிவியல் நிலையங்களிலும் விதைப்புழு கேட்டால் கிடைக்கும். ஒரு முறை வாங்கி வளர்த்தால் பிறகு காசே ஆகாது. நம் ஊர்ச் சூட்டில் ஆப்பிரிக்கப் புழு நன்றாகப் பெருகும்.

ஓடி வெளியே வந்தால் ஈரம் அதிகம், அல்லது தேங்காய் நார்த்தூளில் உப்பு இருக்கிறது. நார்த்தூளை இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்து போடுங்கள், கையில் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு மட்டும் விழும் ஈரம் போதும். கொத்தாகச் செத்தால் பச்சைச் சாணி போட்டிருப்பீர்கள்; இரண்டு வாரம் ஆறிய சாணிதான் ஆகும், பச்சையில் சூடு கிளம்பும். எலுமிச்சைத் தோல், வெங்காயம், உப்புப் போட்ட மிச்சச் சோறு வேண்டாம். எறும்பு வந்தால் செங்கல் மேல் தொட்டியை வைத்துச் சுற்றித் தண்ணீர்த் தட்டு. எறும்புச் சாக்பீஸ் கோடு போட்டால் புழுவும் சாகும், அந்தப் புழுவைத் தின்ற குட்டியும் போய்விடும். அதே காரணத்துக்காக, பூச்சி மருந்து அடித்த தோட்டத்தில் தோண்டிய புழுவைக் கொடுக்கவே கூடாது. பரிமாறும் முந்தின நாள் புழுவை ஈர டிஷ்யூவில் விட்டால் வயிற்று மண் வெளியேறிவிடும்.

## மருத்துவரிடம் போகும்போது

நாய் பூனை மட்டும் பார்ப்பவர் இதைப் பார்க்க மாட்டார், எக்ஸாட்டிக் (வழக்கத்தில் இல்லாத வளர்ப்பு உயிர்கள்) பார்ப்பவரா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். சென்னைக்காரர்கள் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரிக்கலாம், தனியார் கட்டணம் கட்ட முடியாதவர்களுக்கு அது ஒரு வழி. மூடி உள்ள டப்பில் பாதித் தண்ணீர், மூடியில் ஓட்டை, தெர்மாகோல் பெட்டி, துணி சுற்றிய ஒரு ஐஸ் பாட்டில். தொட்டித் தண்ணீர் ஒரு பாட்டிலில் தனியாக, கழிவு கிடைத்தால் அதுவும். நீங்கள் அளந்த வெப்பநிலை, அமோனியா, கடைசியாகச் சாப்பிட்ட நாள், என்ன தீனி என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், முதல் பத்து நிமிடம் அவர் கேட்கப் போவது இதைத்தான். மதிய வெயிலில் கிளம்பாதீர்கள், காலை ஏழு மணிக்கே வரிசையில் நின்றுவிடுங்கள்.